ஹெல்மெட் ஹெட்செட்டில் சத்தம் சரியில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

போன மாதம் ஒரு தம்பி ஹெல்மெட்டும் கையுமாக வந்து நின்றான். "அண்ணா, இது மூணாவது ஹெட்செட். எதிலயும் சத்தம் வரலை" என்றான். ஹெல்மெட்டை வாங்கி உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன். இரண்டு ஸ்பீக்கரும் அவன் காதுக்கு ஓர் அங்குலம் கீழே, தாடை எலும்புக்கு நேராக ஒட்டியிருந்தன. பிரித்து இடம் மாற்றி ஒட்ட பத்து நிமிடம்கூட ஆகவில்லை. போட்டுப் பார்த்துவிட்டு முதல் ஹெட்செட்டை யாருக்கு விற்றோம் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டான்.

ஹெல்மெட்டுக்குள் ஸ்பீக்கரும் மைக்கும் ஒட்டி, ப்ளூடூத்தில் போனோடு இணைக்கும் இந்த ஹெட்செட்டில் கோளாறு என்றாலே எங்கள் ரைடிங் குழுவில் என் பக்கம் தள்ளிவிடுவார்கள். பார்த்துப் பார்த்துப் பழகியதை அறிகுறி வாரியாக இங்கே எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு தலைப்பிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், காசு வைக்க வேண்டியது கடைசியில். உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் அதற்கு முன் கீழே உள்ள சோதனையை மட்டும் ஒருமுறை செய்துவிடுங்கள்.

## எங்கே கெடுகிறது என்று பிரித்துப் பாருங்கள்

நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டைப் போனில் டவுன்லோடு செய்துகொள்ளுங்கள். ஸ்ட்ரீமிங் வேண்டாம், நெட் மந்தமானால் அதுவே சத்தத்தைக் கெடுக்கும். அந்த ஒரே பாட்டை வரிசையாக இப்படிக் கேளுங்கள்:

1. போனில் சாதாரண இயர்போன் போட்டு.
2. ஹெட்செட்டின் ஸ்பீக்கர்களை ஹெல்மெட்டிலிருந்து கழற்றி, இரண்டு காதிலும் கையால் அழுத்திப் பிடித்து.
3. ஸ்பீக்கரைத் திரும்பப் பொருத்தி, ஹெல்மெட் போட்டு, வண்டியை ஆன் செய்யாமல்.
4. இன்ஜின் ஓடும்போது, வண்டி நின்றபடி.
5. ஓட்டும்போது, முதலில் 40 கிலோமீட்டர் வேகத்தில், பிறகு 80-ல்.

முதல் படியிலேயே மோசம் என்றால் பாட்டோ போனோ காரணம். இரண்டாவதில் கெட்டால் ஹெட்செட். இரண்டில் நன்றாக இருந்து மூன்றில் கெட்டால் ஸ்பீக்கர் ஒட்டிய இடம். நான்கில் கெட்டால் வண்டியின் மின்சாரம். ஐந்தில் மட்டும் கெட்டால் காற்று. என்னிடம் வருவதில் பெரும்பாலானவை மூன்றாவது படியிலேயே அகப்பட்டுவிடும். அதனால்தான் இந்த ஐந்தையும் செய்யாமல் புது ஹெட்செட் வாங்க ஓடாதீர்கள் என்கிறேன்.

## அறிகுறி: சத்தம் போதவில்லை

### நிற்கும்போதே குறைவாக இருக்கிறது என்றால்

முதலில் வால்யூம். சிரிக்காதீர்கள். ஒரே பாட்டுக்கு மூன்று நான்கு இடங்களில் வால்யூம் இருக்கிறது: போனில் ஒன்று, ஹெட்செட்டில் ஒன்று, பாட்டு ஆப்பில் ஒன்று, சில வண்டிகளில் டிஸ்ப்ளேயில் இன்னொன்று. சில ஹெட்செட்டில் பாட்டு, அழைப்பு, இன்டர்காம் (ரைடர்கள் ஒருவரோடொருவர் பேசுவது) மூன்றுக்கும் தனித்தனி வால்யூம். எது ஓடிக்கொண்டிருக்கிறதோ அதன் வால்யூம்தான் பட்டனில் மாறும். ஆகவே பாட்டு ஓடும்போது ஏற்றினால்தான் பாட்டுக்கு ஏறும்.

ஆண்ட்ராய்டு போனில் இன்னொரு சங்கதி. போனின் வால்யூமும் ஹெட்செட்டின் வால்யூமும் ஒன்றாகப் பிணைக்கப்பட்டிருக்கும். சில ஹெட்செட்டோடு இந்தப் பிணைப்பு ஒத்துப்போகாமல் பாதியிலேயே நின்றுவிடும். செட்டிங்ஸில் பில்டு நம்பரை 7 முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் 'டிஸேபிள் அப்சல்யூட் வால்யூம்' என்பதை ஆன் செய்து, ப்ளூடூத்தை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். இப்போது போனில் தனியாக, ஹெட்செட்டில் தனியாக ஏற்றலாம். ஐபோனில் 'ஹெட்போன் சேஃப்டி' என்ற இடத்தில் 'ரெட்யூஸ் லவுட் ஆடியோ' (பழைய ஐஓஎஸ்ஸில் 'ரெட்யூஸ் லவுட் சவுண்ட்ஸ்') ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆகியிருந்தால் ஓர் அளவுக்கு மேல் சத்தத்தை அதுவே அடக்கிவிடும். அணைப்பதற்கு முன் அடுத்ததைச் செய்துவிடுங்கள், பெரும்பாலும் அணைக்கவே தேவைப்படாது.

### ஸ்பீக்கர் இருக்கும் இடம்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். ஹெட்செட் ஸ்பீக்கர் என்பது பெரும்பாலும் 40 மில்லிமீட்டர் அகலமுள்ள சின்னத் தட்டு. காதுத் துளைக்கு நேராக, கிட்டத்தட்ட தொடும் தூரத்தில் இருந்தால்தான் அதற்கு உயிர் உண்டு. அரை அங்குலம் நகர்ந்தாலே பாட்டின் அடித்தொனியான பேஸ் காணாமல் போகும், ஒரு அங்குலம் நகர்ந்தால் சத்தமே பாதியாகிவிடும். ஹெல்மெட் கம்பெனி விட்டிருக்கும் ஸ்பீக்கர் குழியை நம்பி அப்படியே ஒட்டிவிடுகிறோம். அந்தக் குழி எல்லாத் தலைக்கும் பொதுவாகச் செய்தது, உங்கள் காதை அளந்து செய்ததல்ல. பெரும்பாலும் காது குழியின் நடுவில் இருக்காது, சற்று மேலேயோ முன்னேயோ இருக்கும்.

சரியான இடத்தைக் கண்டுபிடிக்க நான் செய்வது இதுதான். கன்னத்தை ஒட்டியிருக்கும் மெத்தையான சீக் பேட்டைக் கழற்றி, ஸ்பீக்கரை ஒட்டாமல் சும்மா குழியில் வைத்து, மேலே உள் துணியைப் போர்த்தி ஹெல்மெட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். பாட்டை ஓடவிடுங்கள். அடியிலிருந்து ஒரு விரலை விட்டு ஸ்பீக்கரை மேலும் கீழும் முன்னும் பின்னும் மெல்ல நகர்த்துங்கள். ஓர் இடத்தில் சட்டென்று பாட்டு 'திறந்துகொள்ளும்', அப்படித்தான் சொல்லத் தோன்றுகிறது. அதுதான் இடம். ஸ்பீக்கர் அசையாமல் ஹெல்மெட்டைக் கழற்றுவது கஷ்டம் என்பதால், கழற்றும் முன் ஸ்பீக்கரை விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் எங்கள் வீட்டு வழி ஒன்று இருக்கிறது: காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் சின்ன மேட்டில் ஈர விபூதியைத் தொட்டு வைத்து, ஸ்பீக்கர் இல்லாமல் ஹெல்மெட்டைப் போட்டு, வெளியிலிருந்து ஹெல்மெட்டை இரு பக்கமும் ஒருமுறை அழுத்திக் கழற்றினால் கறுப்புத் துணியில் வெள்ளைப் புள்ளி விழுந்திருக்கும். போடும்போது இழுபட்டுக் கொஞ்சம் கோடாகும்தான். கோடு முடியும் இடம்தான் உங்கள் காது.

வலது, இடது இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். நம் காதுகள் நாம் நினைப்பது போல ஒரே உயரத்தில் இருப்பதில்லை.

இடம் சரி, ஆனாலும் தூரமாக இருக்கிறதா? பெட்டியோடு வந்த வட்டப் பஞ்சுத் தட்டுகளைப் பெரும்பாலானோர் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். அவை ஸ்பீக்கருக்குப் பின்னால் முட்டுக் கொடுக்கத்தான். இல்லாவிட்டால் இரண்டு சுற்று வெல்க்ரோ போதும். காது மடலை லேசாக உரசும் வரை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். அரை மணி நேரம் ஓட்டிய பிறகு காது வலித்தால் ஒரு தட்டைக் குறையுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். குழி ஆழம் போதவில்லை என்று உள்ளே இருக்கும் தெர்மாகோலைப் பிளேடால் சுரண்டாதீர்கள், சூடான கரண்டியால் அழுத்தாதீர்கள். விழும்போது அடியை வாங்கிக்கொள்வது அந்த வெள்ளைப் பகுதிதான். ஐஎஸ் 4151 முத்திரை வாங்கிய ஹெல்மெட்டைச் சுரண்டிவிட்டால் அந்த முத்திரைக்குப் பிறகு அர்த்தமில்லை. குழி போதாவிட்டால் மெல்லிய ஸ்பீக்கர் வாங்குங்கள், அல்லது அடுத்த ஹெல்மெட்டைக் குழி பார்த்து வாங்குங்கள்.

### நிற்கும்போது அருமை, 80-ல் ஒன்றுமே கேட்கவில்லை என்றால்

இது ஹெட்செட் கோளாறு இல்லை, காற்று. 100 கிலோமீட்டர் வேகத்தில் முழு ஹெல்மெட்டுக்குள்ளேயே காற்றின் இரைச்சல் 95 டெசிபலைத் தாண்டுவது சர்வசாதாரணம். அதற்கு மேல் பாட்டைக் கேட்க வைக்க வேண்டும் என்றால் காது எவ்வளவு தாங்கும் என்று யோசியுங்கள். அமெரிக்காவின் தொழில்நலப் பாதுகாப்பு நிறுவனமான நியாஷ் 85 டெசிபலுக்கு 8 மணி நேரம் என்று வரம்பு வைத்திருக்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94-க்கு வந்தால் 1 மணி நேரம்தான். சென்னையிலிருந்து பாண்டிச்சேரி போவதற்குள் கணக்குத் தீர்ந்துவிடும்.

ஆகவே பாட்டை ஏற்றுவதற்கு முன் காற்றைக் குறையுங்கள். ஹெல்மெட்டின் முகக் கண்ணாடியான வைசரை முழுதாக மூடி, அதன் ரப்பர் விளிம்பு சுற்றிலும் உட்காருகிறதா என்று பாருங்கள். ஒரு இடத்தில் விளிம்பு பிய்ந்திருந்தாலே விசில் அடிக்கும். கழுத்துப் பக்கம் அடியிலிருந்து காற்று ஏறுகிறதா என்று தெரிந்துகொள்ள, ஓட்டும்போது இடது கையால் ஒரு கணம் தாடைக்குக் கீழே மறைத்துப் பாருங்கள், ஆளில்லாத நேர்ச்சாலையில் மட்டும். சத்தம் சட்டென்று அடங்கினால் கழுத்தைச் சுற்றி பஃப் எனும் குழாய்த் துணி ஒன்றைக் கட்டிக்கொண்டால் போதும், நூறு ரூபாய் வேலை. வண்டியின் முன்கண்ணாடி காற்றை நேராக ஹெல்மெட்டில் கொண்டுவந்து அடிக்கிறதா என்பதையும் பாருங்கள். கால்மிதியில் ஏறி நின்றால் அமைதியாகிறது என்றால் குற்றவாளி அந்தக் கண்ணாடிதான்.

அப்படியும் போதாவிட்டால் காதடைப்பான். காதை அடைத்துவிட்டுப் பாட்டு எப்படிக் கேட்கும் என்று எல்லோரும் கேட்பார்கள். நானும் கேட்டேன். காற்றும் பாட்டும் சேர்ந்தே குறையும் என்பது உண்மைதான். ஆனால் இரைச்சலில் மரத்துப்போன காது குறைந்த சத்தத்தில் தெளிவாகப் பிரித்துக் கேட்கத் தொடங்கும். பத்து ரூபாய் பஞ்சு அடைப்பான் பாட்டின் கூர்மையை அதிகமாகத் தின்றுவிடும். வடிகட்டி வைத்த, ரைடர்களுக்கென்றே விற்கும் வகை நல்லது. நெடுஞ்சாலையில் மட்டும் போடுங்கள். ஊருக்குள், பஸ்ஸும் ஆட்டோவும் முட்டிக்கொள்ளும் இடத்தில் நான் போடுவதில்லை.

## அறிகுறி: பேஸ் இல்லை, தகர டப்பாவில் பாடுவது போல இருக்கிறது

பத்துக்கு ஒன்பது பேருக்கு மேலே சொன்ன இடமும் தூரமும்தான். அதைச் செய்துவிட்டு இங்கே வாருங்கள்.

அடுத்து ஈக்வலைசர், அதாவது பேஸ் முதல் கூர்மை வரை ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஏற்றி இறக்கும் வசதி. பேஸ் இல்லை என்று பேஸைத் தூக்கிவிடுவோம். அது எதிர்மறையாக வேலை செய்யும். ஹெல்மெட்டுக்குள் காற்று எழுப்புவது பெரும்பாலும் அடித்தொனி இரைச்சல். அதே இடத்தில் பாட்டின் பேஸையும் கொட்டினால் காற்று அதை விழுங்கும், ஸ்பீக்கரும் கதறும். நான் செய்வது: 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே கொஞ்சம் இறக்கம், 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் ஏற்றம். வீட்டில் கேட்டால் கூச்சலாக இருக்கும், 80-ல் கேட்டால் பாடகரின் சொல் ஒவ்வொன்றும் புரியும். போன், பாட்டு ஆப், ஹெட்செட் ஆப் மூன்றிலும் தனித்தனி ஈக்வலைசர் இருக்கும். ஒன்றில் மட்டும் வையுங்கள், மற்றதை அணையுங்கள்.

யாராவது ஏற்கெனவே ஸ்பீக்கர் ஒயரை வெட்டி ஒட்டியிருந்தால் இன்னொரு வாய்ப்பு உண்டு: ஒரு பக்கம் பிளஸ், மைனஸ் மாறியிருக்கும். பாடகர் குரல் நடு நெற்றியில் நிற்காமல் பின்னந்தலையில் கலைந்துபோனது போல இருந்தால் அதுதான். ஒரு ஸ்பீக்கரின் இரண்டு ஒயரை மட்டும் மாற்றி வைத்துக் கேளுங்கள். குரல் நடுவுக்கு வந்துவிட்டால் அப்படியே சால்டர் செய்யுங்கள்.

கடைசியாகத்தான் புது ஸ்பீக்கர். உங்கள் ஹெட்செட்டில் ஸ்பீக்கர் 3.5 மில்லிமீட்டர் ஜாக்கில் செருகும் வகை என்றால் ஸ்பீக்கரை மட்டும் மாற்றலாம். 32 மில்லிமீட்டர் ஸ்பீக்கர் இருந்த இடத்தில் 40 வைத்தால் வித்தியாசம் நன்றாகவே தெரியும். 40-க்கு மேல் போக குழி அனுமதித்தால்தான். ஸ்பீக்கரின் மின்தடையைச் சொல்லும் ஓம் அளவைப் பார்த்து வாங்குங்கள். பழையது 32 ஓம் என்றால் புதியதும் 32 ஓம். 16 ஓம் போட்டால் சத்தம் கூடலாம், பேட்டரியும் சீக்கிரம் தீரும்.

## அறிகுறி: ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது

முதலில் போனில் 'பேலன்ஸ்' நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒருமுறை ஒரு நண்பரின் குழந்தை நகர்த்திவைத்துவிட்டது. அப்பாவி மனிதர் ஹெல்மெட்டை முழுக்கப் பிரித்துவிட்டார்.

பேலன்ஸ் சரி என்றால் ஜாக்கைக் கழற்றித் திரும்ப 'டக்' என்று சத்தம் வரும் வரை செருகுங்கள். அப்புறம் இடது ஸ்பீக்கரையும் வலதையும் ஒன்றுக்கொன்று மாற்றிச் செருக முடிந்தால் மாற்றுங்கள். ஊமைப் பக்கம் ஸ்பீக்கரோடு சேர்ந்து மாறினால் ஸ்பீக்கரோ அதன் ஒயரோ போயிருக்கிறது. ஊமைப் பக்கம் அதே இடத்தில் நின்றால் ஹெல்மெட்டுக்கு வெளியே மாட்டும் ஹெட்செட் பெட்டிதான் பழுது.

ஒயர் என்றால் எங்கே அறுந்திருக்கும் என்பதை நான் பார்க்காமலே சொல்வேன்: சீக் பேட் பட்டன் அழுத்தும் இடம், அல்லது பின்கழுத்துக்கு அடியில் ஒயர் திரும்பும் வளைவு. பாட்டை ஓடவிட்டு ஒயரை விரலால் உருட்டிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் சத்தம் வந்து போகும். மல்டிமீட்டர் இருந்தால் ஸ்பீக்கர் முனைகளில் வைத்துப் பாருங்கள். 32 ஓம் ஸ்பீக்கர் அதற்குச் சற்றுக் குறைவாகக் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் அறுந்திருக்கிறது.

சால்டரிங் செய்யத் தெரிந்தால் நீங்களே ஒட்டலாம். அந்த ஒயருக்குள் இருக்கும் செம்பிழைகளில் வண்ண வார்னிஷ் பூசியிருக்கும். அதைச் சுரண்டவோ சூட்டில் எரிக்கவோ செய்யாமல் ஈயம் ஒட்டாது. பலர் அங்கேதான் தோற்றுப்போகிறார்கள். பழக்கமில்லாவிட்டால் தெருமுனை மொபைல் ரிப்பேர் கடையில் கொடுங்கள், ஐந்து நிமிட வேலை. பெட்டிப் பழுது என்றால் நீங்கள் திறக்காதீர்கள். தண்ணீர் புகாத அடைப்பு ஒருமுறை போனால் திரும்ப வராது. வாரண்டி இருந்தால் சர்வீஸ் சென்டர், இல்லாவிட்டால் புதுசின் விலையில் பாதிக்கு மேல் கேட்டால் விட்டுவிடுங்கள்.

## அறிகுறி: பாட்டு திடீரென்று பழைய டெலிபோன் போல ஆகிறது

நன்றாகப் போய்க்கொண்டிருந்த பாட்டு சட்டென்று மெலிந்து, இரண்டு காதிலும் ஒன்றாகி, கிணற்றுக்குள் இருந்து வருவது போல ஆகும். ப்ளூடூத்தில் பாட்டுக்கு ஒரு வழி, பேச்சுக்கு ஒரு வழி. மைக் தேவைப்பட்டவுடன் ஹெட்செட் பேச்சு வழிக்குத் தாவிவிடும். அந்த வழியின் தரம் அவ்வளவுதான். யார் மைக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதே வேலை.

இன்டர்காம் திறந்தே இருக்கிறதா? குழுவாகப் போகும்போது பலர் மூடாமல் விட்டுவிடுவார்கள். பின்னணியில் குரல் உதவியாளர், ரெக்கார்டிங் ஆப், பாதியில் விட்ட வாட்ஸ்அப் அழைப்பு எதுவும் ஓடுகிறதா? வழிகாட்டும் ஆப் 'அடுத்த 200 மீட்டரில் இடப்புறம்' என்று சொல்லும்போது மட்டும் பாட்டு கெட்டால், குரலை அழைப்பு போல அனுப்பும் வசதி அந்த ஆப்பில் ஆன் ஆகியிருக்கும். அணைத்துவிடுங்கள்.

எது என்று தெரியவில்லையா? போனின் ப்ளூடூத் பக்கத்தில் ஹெட்செட்டின் பெயரைத் தட்டி 'போன் கால்ஸ்' என்பதைக் கொஞ்ச நேரம் அணையுங்கள். பாட்டு உடனே சரியாகிவிட்டால் காரணம் இதுதான் என்று உறுதி. பிறகு ஆப்களை ஒவ்வொன்றாக மூடிப் பிடியுங்கள். இந்த அறிகுறிக்கு எந்தக் கடைக்கும் போக வேண்டியதில்லை.

## அறிகுறி: வண்டியின் ஆடியோ வழியாக வரும்போது மட்டும் மோசம்

இது வண்டியிலேயே ஆடியோ சிஸ்டம் இருப்பவர்களுக்கு. ஹோண்டா கோல்டு விங் 2018 மாடலில், ஐபோனை வண்டியின் திரையில் காட்டும் ஆப்பிள் கார்ப்ளே வந்தபோது ஹெட்செட்டை வண்டியோடு இணைத்தால்தான் கார்ப்ளே திறக்கும் என்று வைத்தார்கள். ஆகவே போனிலிருந்து வண்டி, வண்டியிலிருந்து ஹெட்செட் என்று பாட்டு இரண்டு தாவல் தாவுகிறது. ஒவ்வொரு ப்ளூடூத் தாவலும் பாட்டைச் சுருக்கி அனுப்பும்.

முதல் சோதனை, ஹெட்செட்டை வண்டியிலிருந்து துண்டித்து நேராகப் போனோடு இணைத்து அதே பாட்டைக் கேளுங்கள். அப்போதும் மோசம் என்றால் மற்ற தலைப்புகளுக்குப் போங்கள். நன்றாக இருந்தால் வண்டிப் பக்கம்தான் வேலை. ஹெட்செட் வால்யூமைக் கடைசிக்கு ஒரு படி முன்பு வரை ஏற்றி அங்கேயே விட்டுவிட்டு, வண்டியின் வால்யூமை மட்டும் பயன்படுத்துங்கள். இதைத் தலைகீழாக வைத்திருப்பதால்தான் 'உஸ்ஸ்' சத்தத்தோடு மெலிதாக வருகிறது. வேகத்துக்கு ஏற்ப வால்யூம் தானாக ஏறும் வசதி இருந்தால் அதை நடுநிலைக்குக் கொண்டுவாருங்கள். அதிகமாக வைத்தால் வேகம் ஏற ஏறப் பாட்டு கிழியும்.

அதன் பிறகும் திருப்தி இல்லையா? கோளாறு என்று நினைத்து அலையாதீர்கள். சில வண்டிகளில் ஹெட்செட்டுக்குப் போகும் ஒலி அவ்வளவுதான். மேப் மட்டும் வண்டியில் ஓட, பாட்டை நேராகப் போனிலிருந்து கேட்க முடிகிறதா என்று உங்கள் ஹெட்செட்டின் இரட்டை இணைப்பு வசதியைப் பாருங்கள்.

ஒயர் ஹெட்செட் உள்ள பழைய டூரிங் வண்டிகளில், கோல்டு விங் என்றால் 5 பின், ஹார்லி என்றால் 7 பின் வட்ட பிளக், சந்தேகப்பட வேண்டியது ஹெல்மெட்டுக்கும் வண்டிக்கும் நடுவில் ஆடும் அந்தக் கீழ் ஒயர்தான். வேறொருவரின் ஒயரைக் கடன் வாங்கிப் போட்டுப் பார்த்தாலே முடிந்தது. பின்களில் பச்சை பூத்திருந்தால் காண்டாக்ட் கிளீனர் அடித்துத் துடையுங்கள்.

## அறிகுறி: ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்க 'ஊய்ங்' என்று ஏறுகிறது

முழுக்கவும் ப்ளூடூத்தில், ஹெட்செட்டில் எந்த ஒயரும் செருகாமல் ஓட்டினால் இந்தச் சத்தம் உங்கள் காதுக்கு வருவது அரிது. ஏதோ ஓர் ஒயர் இருக்கும்: ஓடும்போதே வண்டியின் யுஎஸ்பியில் ஹெட்செட்டைச் சார்ஜ் போட்டிருப்பீர்கள், அல்லது பாட்டை ஒயரிலேயே கொண்டுவரும் ஆக்ஸ் ஒயர் செருகியிருப்பீர்கள். அதைப் பிடுங்குங்கள். நின்றுவிட்டதா? இப்போது ஒரு பவர் பேங்கில் செருகுங்கள். சத்தம் வரவில்லை என்றால் வண்டியின் மின்சாரத்தில் இருக்கும் அழுக்கு ஒயர் வழியாக ஏறுகிறது என்று அர்த்தம்.

பவர் பேங்கிலேயே ஓட்டுவது எளிது, இலவசம். ஆக்ஸ் ஒயர்தான் வேண்டும் என்றால் நடுவில் 'கிரவுண்டு லூப் ஐசொலேட்டர்' என்ற சின்ன டப்பாவைச் செருகுங்கள், சில நூறு ரூபாய்க்குள் முடியும். மலிவு யுஎஸ்பி சார்ஜரை மாற்றுங்கள். பேட்டரி முனை இரண்டையும் கழற்றித் தேய்த்து இறுக்குங்கள், மைனஸை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டி.

ஏறும் 'ஊய்ங்' இல்லாமல் 'டிக்டிக்டிக்' என்று இன்ஜின் வேகத்தோடு ஓடினால் ஸ்பார்க் பிளக்கைப் பாருங்கள். அண்மையில் மாற்றினீர்களா? ரெசிஸ்டர் (மின் இரைச்சலை அடக்கும் மின்தடை) உள்ள பிளக் இருந்த இடத்தில் இல்லாததைப் போட்டுவிட்டார்களா? என்ஜிகே பிளக்குகளின் எண்ணில் வரும் 'ஆர்' (R) என்ற எழுத்து அதைச் சொல்லும்.

இவ்வளவுக்குப் பிறகும் சத்தம் இருந்தால் மல்டிமீட்டரைப் பேட்டரியில் வையுங்கள். இன்ஜின் அணைந்திருக்கும்போது 12.6 வோல்ட் சுமார், கொஞ்சம் முறுக்கினால் 13.5 முதல் 14.5 வரை. 15-ஐத் தாண்டினால் அத்தோடு நிறுத்துங்கள், வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பழுது. பாட்டை விடுங்கள், பேட்டரியும் பல்பும் டிஸ்ப்ளேயும் போய்விடும். அன்றைக்கே மெக்கானிக்கிடம் போங்கள்.

## அறிகுறி: விட்டு விட்டு வருகிறது

முதல் கேள்வி, டவுன்லோடு செய்த பாட்டும் விட்டு விட்டு வருகிறதா? வால்பாறைக்கு ஏறும்போது 40 கொண்டை ஊசி வளைவிலும் பாட்டு நின்று நின்று வந்தது என்று ஒருவர் ஹெட்செட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனார். அங்கே போன் டவரே விட்டு விட்டுத்தான் கிடைக்கும், ஹெட்செட் என்ன செய்யும்?

டவுன்லோடு பாட்டும் வெட்டுகிறது என்றால் போன் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான ஹெட்செட் ஹெல்மெட்டின் இடது பக்கம் மாட்டுவது. போன் வலது பேன்ட் பாக்கெட்டில் இருந்தால் நடுவில் உங்கள் உடம்பு முழுக்க இருக்கிறது. ப்ளூடூத் ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உடம்பில் இருக்கும் நீர் நன்றாகவே உறிஞ்சும். போனை ஜாக்கெட்டின் இடது மார்புப் பாக்கெட்டுக்கோ ஹேண்டில்பாருக்கோ மாற்றினால் பாதிப் பேருக்குச் சரியாகிவிடும்.

அடுத்து, அதே 2.4-இல் வேறு யார் பேசுகிறார்கள்? வண்டியில் டேஷ்கேம், ஹெல்மெட்டில் ஆக்ஷன் கேமரா, போனில் ஹாட்ஸ்பாட். ஒவ்வொன்றாக வைஃபையை அணைத்துப் பாருங்கள். போனின் பேட்டரி சேவர் பாட்டு ஆப்பைத் தூங்கவைக்கிறதா என்றும் பாருங்கள். எல்லாம் சரி என்றால் போனிலும் ஹெட்செட்டிலும் பழைய இணைப்புகள் அனைத்தையும் அழித்து, ஹெட்செட்டை ஃபேக்டரி ரீசெட் செய்து, மென்பொருளைப் புதுப்பித்து, புதிதாக இணையுங்கள். அதற்குப் பிறகும் வெட்டினால்தான் சர்வீஸ் சென்டர்.

## அறிகுறி: சத்தம் ஏற்றினால் கரகரப்பு

பேஸை இறக்குங்கள். போன் வால்யூமை இரண்டு படி குறைத்து ஹெட்செட்டில் ஏற்றுங்கள். பேட்டரி குறைவாக இருக்கும்போது மட்டும் கரகரத்தால் முழுச் சார்ஜில் திரும்பக் கேளுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் கரகரத்தால் ஸ்பீக்கரின் துணியை விலக்கிப் பாருங்கள். ஸ்பீக்கரில் காந்தம் இருப்பதால் இரும்புத்தூள் ஈர்க்கப்பட்டு ஒட்டியிருக்கும், அல்லது ஒரு தலைமுடி உள்ளே நுழைந்து சவ்வை உரசிக்கொண்டிருக்கும். செல்லோடேப்பை மெதுவாக ஒற்றி எடுங்கள். ஊசியை விடாதீர்கள். சவ்வு கிழிந்திருந்தால் ஒட்டுவதெல்லாம் வீண், ஜோடியாக மாற்றுங்கள்.

## அறிகுறி: எனக்குக் கேட்கிறது, எதிர்முனையில் இருப்பவருக்குக் காற்றுதான் கேட்கிறது

மைக்கில் ஓர் அம்புக்குறியோ வெள்ளைப் புள்ளியோ இருக்கும். அது உதட்டைப் பார்க்க வேண்டும். திரும்பியிருந்தால் வைசரிடம் பேசிக்கொண்டிருப்பீர்கள். உதட்டிலிருந்து ஒரு விரல் அகலத்துக்குள் வையுங்கள். மைக் மேல் இருந்த கறுப்புப் பஞ்சு விழுந்துவிட்டதா? அதுதான் காற்றைத் தடுப்பது. விழுந்திருந்தால் புதிது வாங்கும் வரை ஒரு துண்டுப் பஞ்சைச் சுற்றி நூல் கட்டினால் போதும். முழு ஹெல்மெட்டுக்குக் கம்பி மைக்கைவிடத் தாடைப் பகுதியில் ஒட்டும் பட்டன் மைக் அடங்கும். ஆப்பில் மைக் உணர்திறன் இருந்தால் ஒரு படி இறக்குங்கள். அதிகம் வைத்தால் பேச்சோடு சேர்ந்து காற்றும் பெரிதாகும்.

## அறிகுறி: மழையில் நனைந்த பிறகு ஏதோ ஒன்று சரியில்லை

உடனே சார்ஜில் போடாதீர்கள். இதைத்தான் எல்லோரும் முதலில் செய்கிறார்கள். பெட்டியை ஹெல்மெட்டிலிருந்து கழற்றி, யுஎஸ்பி மூடியைத் திறந்து, துளை கீழ்நோக்கி இருக்கும்படி ஒரு நாள் முழுக்க மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். வெயிலில் வேண்டாம், அரிசிப் பானையும் வேண்டாம், தவிடுதான் துளைக்குள் போகும். கடற்கரை ஊர்களில் இருப்பவர்களுக்கு மழை இல்லாமலே பின்கள் பச்சை பிடிக்கும். பழைய டூத்பிரஷில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் தேய்த்துக் காயவிடுங்கள்.

காய்ந்த பிறகும் சார்ஜ் ஏறவில்லை என்றால் வேறு கேபிள், சாதாரண 5 வோல்ட் சார்ஜர் போடுங்கள். இரண்டு முனையும் டைப்-சி ஆன கேபிளில் சில மலிவு ஹெட்செட் சார்ஜ் ஏறவே ஏறாது. ஒரு முனை பழைய செவ்வக யுஎஸ்பி ஆன கேபிளில் உடனே ஏறும், அது பழுதல்ல. பெட்டி லேசாக உப்பியிருந்தாலோ சார்ஜ் போடும்போது கையால் தொட முடியாத அளவு சுட்டாலோ பேட்டரி போய்விட்டது. திறக்காமல், குத்தாமல், ஹெல்மெட்டில் மாட்டாமல், சர்வீஸ் சென்டருக்குப் போகும் வரை வீட்டுக்கு வெளியே சிமென்ட் தரையில் வைத்துவிடுங்கள்.